‘இயங்குகிறது’ என்று எழுதியவன்

1

போன தை மாதம் பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருந்தது. மணமக்கள் உட்காரும் சிவப்பு சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேடையில் நீளமான மேசை போட்டு, எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். என் பெயர் அட்டையில் ‘லண்டன்’ என்று இருந்தது. நான் இருப்பது லண்டனில் அல்ல. அங்கிருந்து வடக்கே ரயிலில் சில மணி நேரம் போக வேண்டிய, மழை விடாத ஒரு ஊரில். அதை யாரும் கேட்கவில்லை. மதுரைக்காரர்களுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான்.

வீட்டுக்கு வீடு பழைய கரண்ட் மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் வைக்கப் போகிறார்கள் அல்லவா, அதற்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டம் அது. நான் பிழைக்கப் போன நாட்டில் இந்த வேலை முன்பே தொடங்கிவிட்டது. அங்கே கம்பெனிகள் மீட்டர் வைக்கும். ஒழுங்காக வைக்கிறார்களா என்று அரசாங்கத்தின் சார்பில் ஒரு அலுவலகம் மேற்பார்வை பார்க்கும். அந்த அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. அதனால்தான் பொன்னாடை.

கூட்டம் முடிந்த ஐந்தாம் நாள் அதன் நடவடிக்கைக் குறிப்பு கைக்கு வந்தது. அதில் என்னைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘வெளிநாட்டில் இத்திட்டத்தின் மேற்பார்வைப் பணியில் உள்ள திரு. முருகேசன் அவர்கள் திட்டத்தை வரவேற்று, தமது அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டார்.’

நான் வரவேற்கவில்லை. ஒரு மனிதர் செத்துப்போனதைச் சொன்னேன்.

அந்த வரியைப் படித்ததும் கோபம் வந்தது என்று எழுதினால் பொய். முதலில் எனக்கு வந்தது தொழில் மரியாதை. எழுதியவர் கைதேர்ந்தவர் என்று தோன்றியது. நானும் பல வருஷமாக இந்த மாதிரி வரிகளை எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

2

அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் புறம் எங்கள் காலனி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். எனக்கு ஊர் ஏக்கம் கிடையாது. நிலம் இருந்தவனுக்கு ஏக்கம் வரலாம்; எங்களுக்கு அங்கே இருந்தது வேலை மட்டும்தான்.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும் வரை எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. கம்பங்கள் பாலத்தோடு நின்றுவிட்டன. பாலத்துக்கு இந்தப் புறம் இருந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ‘முழுமையாக மின்வசதி பெற்ற கிராமம்’ என்று நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது. என் அக்கா தங்கம் என்னைவிட எட்டு வயது மூத்தவள். பத்தாவது முடித்திருந்தாள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவாள். ஒரு முறை ஒரு அதிகாரி பேரேட்டைத் திருப்பி அவளுக்கே காட்டினாராம்.

“இந்தா பாரும்மா. உங்க ஊருக்குக் கரண்ட் குடுத்து மூணு வருசமாச்சு.”

“அப்ப எங்க தெரு எந்த ஊரு சார்?” என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

அவர் பேரேட்டை மூடிவிட்டார். அதற்குப் பிறகும் ஒரு வருஷம் நடந்துதான் எங்கள் தெருவுக்குக் கம்பம் வந்தது.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தேன். சோழவந்தான் பெண்ணான வசந்தாவைக் கட்டினேன். அவள் நர்ஸ். அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது; அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். என் பாஸ்போர்ட்டில் ஒட்டிய காகிதத்தில் ‘சார்ந்திருப்பவர்’ என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. மதுரையில், கட்டின பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு வேறு சொல் உண்டு. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

முதலில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். பிறகு மீட்டர் மாட்டும் வேலை. முதல் வாரம் ஒரு வீட்டில் மின்சாரம் நின்றுபோனதும், நம் பழக்கத்தில், கரண்ட் போய்விட்டது என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். யாரோ ஒரு ஆள் போய்விட்டான் என்று நினைத்துவிட்டார். என் பெயரும் அவர்கள் வாயில் நிற்கவில்லை. முருகேசன் முரு ஆகி, முரு மர்ரே ஆயிற்று. மர்ரே என்பது அங்கே வெள்ளைக்காரர்களுக்கு உள்ள பெயர். தொலைபேசியில் மர்ரே என்று கேட்டுவிட்டு, நேரில் என் முகத்தைப் பார்த்ததும் ஒரு நொடி தடுமாறுவார்கள். அந்த ஒரு நொடி எனக்குப் பழகிப்போனது.

சில வருஷங்களில் மேற்பார்வை அலுவலகத்தில் ஆள் எடுத்தார்கள். கையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவன் ஒருவனாவது வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். புகார் வந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லா அறிக்கைகளும் ஒரு அட்டவணையாகி மந்திரியின் மேசைக்குப் போகும்.

3

ஹாரிஸ் என்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி இறந்து தனியாக இருந்தார். மகன் ஆஸ்திரேலியாவில். நுரையீரல் கெட்டுப்போய், வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தார். கரண்டில் ஓடுவது.

அவர் புகார் இதுதான். அவர் மாதாமாதம் வங்கி வழியாகக் கட்டணம் கட்டுகிறவர். ஆனால் புது மீட்டர் இரண்டு தடவை தானாகவே முன்பணம் கட்டி ஓட்டும் மீட்டராக மாறிவிட்டது. நம் செல்போனில் ரீசார்ஜ் தீர்ந்தால் பேச்சு நிற்பது மாதிரி, இருப்பு இல்லை என்று கரண்ட் நின்றுவிட்டது. யாரும் வீட்டுக்கு வரவில்லை. எங்கோ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து தப்பாக ஒரு கட்டளை வந்திருக்கிறது. இரண்டு தடவையும் அவர் கம்பெனிக்குப் போன் பண்ணிச் சரிசெய்துகொண்டார். ஆனால் அங்கிருந்து சரிசெய்தாலும், மீட்டருக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் கரண்ட் திரும்பும். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மீட்டர் இருப்பது தரைக்கு அடியில் உள்ள நிலவறையில். செங்குத்தான கல் படிகள்.

“மெஷினைக் கழற்றிவிட்டு இறங்குகிறேன். ஏறுவதற்குள் உயிர் போய் வருகிறது” என்றார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். “மர்ரே என்பது உன் பெயரே இல்லை, அல்லவா?” என்று கேட்டார். சொன்னேன். மூன்று தடவை முயன்று, நான்காவது தடவை ‘முருகேசன்’ என்று சரியாகச் சொன்னார். அந்த நாட்டில் என் முழுப் பெயரையும் முயன்று சொன்ன வெள்ளைக்காரர் அவர் ஒருவர்தான்.

“நீ எழுதினால் மாற்றிவிடுவார்களா?”

“மாற்றிவிடுவார்கள்” என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

அறிக்கையில் ‘இந்த மீட்டர் பாதுகாப்பானது அல்ல, உடனே மாற்ற வேண்டும்’ என்று எழுதினேன். மறுநாள் என் மேலாளர் ஃபியோனா கூப்பிட்டாள். நல்லவள். என் மகளின் பிறந்தநாளை நினைவு வைத்துக்கொள்வாள்.

“நீ போன அன்றைக்கு மீட்டர் சிக்னல் அனுப்பியதா?”

“அனுப்பியது.”

“அப்படியானால் விதிமுறைப்படி அது இயங்கும் மீட்டர். ‘பாதுகாப்பானது அல்ல’ என்பது தகவலா, உன் கவலையா?”

“என் கவலை.”

“அதைப் போட என் அட்டவணையில் கட்டம் இல்லை, மர்ரே.”

அந்த வாரம் அட்டவணை மேலே போக வேண்டியிருந்தது. டீ ஆறுவதற்குள் திருத்தினேன். ஹாரிஸின் வீட்டு எண்ணுக்கு நேரே ‘இயங்குகிறது’ என்று வந்தது. அவள் மிரட்டவில்லை, கத்தவில்லை. நானும் வாதாடவில்லை. அக்காவுக்குப் பேரேட்டைத் திருப்பிக் காட்டிய அந்த அதிகாரி மட்டும் என்ன, பிறக்கும்போதே கெட்டவராகவா இருந்திருப்பார்? அவருக்கும் கட்டம் இல்லாமல் இருந்திருக்கும்.

4

ஏழு வாரம் கழித்து, வேலை முடிந்து வந்த வசந்தா கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஹாரிஸுன்னு ஒருத்தர் வீட்டுக்குப் போனீகளா?”

“ஏன்?”

“எங்க வார்டுல கெடக்காரு. இடுப்பு ஒடைஞ்சு. கரண்ட் நின்னு போச்சுன்னு கீழ எறங்கியிருக்காரு. படியில விழுந்துட்டாரு. மறுநாக் காலையில பக்கத்து வீட்டுப் பொம்பள வந்து பாக்குற வரைக்கும் அங்கனயே கெடந்திருக்காரு.” பேட்ஜை எடுத்து மேசையில் வைத்தாள். “என் பேட்ஜப் பாத்துட்டு, எந்த ஊருன்னு கேட்டாரு. சொன்னேன். முருகேசன்னு ஒரு ஆளு வந்தாரு, எல்லாத்தையும் எழுதிட்டுப் போனாரு, நான் விழுந்தது அவருக்குத் தெரியுமான்னு கேட்டாரு. அம்புட்டுத் தெளிவா சொன்னாரு உங்க பேர.”

நான் என்ன செய்தேன் என்று அவளிடம் சொன்னேன். மறைக்கத் தெரியவில்லை. அவள் எழுந்துபோய்க் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து அரிசி களைந்தாள்.

ஹாரிஸுக்குச் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. மூன்றாவது வாரம் இறந்துவிட்டார். நான் போய்ப் பார்க்கவில்லை. அலுவலக விதிப்படி புகார்தாரரைத் தனிப்பட்ட முறையில் சந்திக்கக் கூடாது. அந்த விதியை அந்த ஒரு தடவை மட்டும் எவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடித்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

எங்கள் மகள் யாழினிக்கு அப்போது பதினான்கு வயது. எதையும் காதில் வாங்காதவள் மாதிரிதான் இருப்பாள். அவர் இறந்த அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலத்தில் கேட்டாள்: “நீ முதலில் எழுதியது உண்மை. பிறகு அதை மாற்றினாய். அப்படித்தானே?”

“அது அப்படி இல்லம்மா...” என்று தமிழில் ஆரம்பித்தேன். விதிமுறை, சிக்னல், கட்டம் என்று சொல்லப் போனபோது தமிழில் எதற்கும் எனக்குச் சொல் வரவில்லை. அந்த வேலையை நான் தமிழில் செய்ததே இல்லை. ஆங்கிலத்துக்கு மாறினேன். ஆங்கிலத்தில் வழவழவென்று வந்தது. அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள்.

பிள்ளைகள் தமிழை விட்டுவிடுகிறார்கள் என்று இங்கே தமிழ்ச் சங்க விழாக்களில் எல்லாரும் புலம்புவோம். பள்ளிக்கூடம், டிவி, நண்பர்கள் என்று காரணம் சொல்வோம். என் மகள் தமிழை விட்டதற்குப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அப்பாவிடம் பேச விருப்பமில்லாமல் போன பிறகு அவளுக்கு அந்த மொழி எதற்கு?

ஹாரிஸ் இறந்த தேதி வந்தால் வசந்தா இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்ப்பாள். கேட்டால், ஆள் இல்லை என்பாள். ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் ஆள் இல்லாமல் போகாது.

5

தை மாதம் நான் மட்டும் ஊருக்கு வந்தேன். வசந்தாவுக்கு விடுப்பு இல்லை. யாழினி கல்லூரியில். வர்றியா என்று கேட்டு அனுப்பிய செய்திக்குக் கட்டை விரல் படம்கூட வரவில்லை.

பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த குணசேகரன் விமான நிலையத்துக்கே காரோடு வந்துவிட்டான். மீட்டர் மாட்டும் கான்ட்ராக்டரிடம் கீழ் கான்ட்ராக்ட் எடுக்க ஓடிக்கொண்டிருந்தான்.

“மாப்ள, ஒரு பத்து நிமிசம் பேசிரு. சனங்க சும்மா பயந்து சாகுதுக. பில்லு கூடிரும், இலவச யூனிட்ட புடுங்கிருவாங்கன்னு. நீ கவர்மெண்டு ஆளு, லண்டன்ல இதே வேல பாக்குறவன். நீ நல்லாருக்குன்னு சொன்னா கேட்டுக்குவாங்க.”

“நல்லது கெட்டது ரெண்டும் இருக்குடா.”

“ரெண்டையும் சொல்லு. கெட்டதக் கொஞ்சமா சொல்லு.”

ஒத்துக்கொண்டேன். மனசாட்சி உந்தி ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். மேடையில் ஒரு நாற்காலி என்றான். எங்கள் காலனியில் பிறந்தவனுக்கு அதன் ருசி வேறு. ஹாரிஸைப் பற்றிப் பேசும் எண்ணமே எனக்கு இல்லை.

அக்காவுக்கு இப்போது அறுபது. காலனியிலேயே வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். மாமா போன பிறகு அதுதான் பிழைப்பு. நான் பேசப் போகிறேன் என்றதும், காலை மாவை அரைத்து முடித்துவிட்டுப் பஸ் பிடித்து வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தம்பிக்குப் பொன்னாடை போர்த்தியபோது கை தட்டினாள்.

பத்து நிமிடம் பேசினேன். கணக்கெடுக்க ஆள் வர வேண்டாம், எவ்வளவு ஓடுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம். அதெல்லாம் உண்மைதான். கூட்டம் அமைதியாகக் கேட்டது. பிறகு, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். முதலில் எழுந்தது அக்கா.

“நான் ஒண்ணு கேக்கணும். வீட்டுக்கு வராமலே அங்கனருந்து கரண்ட நிறுத்த முடியுமா?”

மேடையில் இருந்த அதிகாரி மைக்கை இழுத்தார். “அதெல்லாம் விதிமுறைப்படித்தாம்மா...”

“ஒங்களக் கேக்கல சார். எந் தம்பியக் கேக்குறேன். அவன் பாத்துருக்கான்ல?”

மண்டபத்தில் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“முடியும்க்கா” என்றேன்.

“தப்பா நிறுத்திட்டா?”

“போன் பண்ணணும்.”

“யாருக்கு? இப்ப கரண்ட் ஆபீஸ்ல ஒரு மனுசன் ஒக்காந்துருக்கான். போயி நின்னு சத்தம் போட்டா காதுல விழுகும். நாளைக்கு நான் எங்க போயி நிக்கிறது? ஒங்க ஊர்ல அப்படி தப்பா நின்னு போயிருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பழக்கமான வரிகள் நாக்கு நுனியில் இருந்தன: மிக அரிதாக, தீர்வு காணப்பட்டது. ஆனால் அவையெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. மதுரைத் தமிழில், அக்காவின் முகத்தைப் பார்த்து, அவற்றைச் சொல்ல வழி இல்லை.

“போயிருக்குக்கா. ஒரு பெரியவரு செத்துப் போனாரு” என்றேன். ஆக்சிஜன் மெஷினையும், நிலவறைப் படியையும், மறுநாள் காலை வரை அவர் கிடந்ததையும் சொன்னேன். முன்னமே புகார் கொடுத்திருந்தார் என்றும், நேரில் போய்ப் பார்த்த ஆளே மீட்டர் இயங்குகிறது என்று எழுதிவிட்டான் என்றும் சொன்னேன். அந்த ஆள் நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை. குணசேகரன் மேடைக்குக் கீழே நின்று கழுத்தை அறுப்பது போல் சைகை காட்டினான். அதிகாரி மைக்கை வாங்கி, “மிகப் பயனுள்ள அனுபவங்கள்” என்றார். எல்லாருக்கும் கேசரியும் வடையும் கொடுத்தார்கள்.

6

குறிப்பின் நகல் கைக்கு வந்த அன்றே நானும் அக்காவும் மின்வாரிய அலுவலகத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் மரியாதையானவர். நாற்காலி போட்டார், டீ சொன்னார்.

“நான் வரவேற்று எதுவும் பேசலையே” என்றேன்.

“சார், மினிட்ஸ் அப்ரூவ் ஆகி மேல போயிருச்சு.”

“திருத்தச் சொல்லி மனு குடுக்கலாமா?”

“தாராளமா. நுகர்வோர் எண் சொல்லுங்க.”

“எனக்கு இங்க கனெக்ஷன் இல்ல.”

“ஆதார்?”

“இல்ல. நான் இப்ப வெளிநாட்டுக் குடிமகன்.”

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “அப்ப ஒங்க மனுவ எதுல சார் ஏத்துறது? நீங்க சிறப்பு விருந்தினர். விருந்தினருக்கு மனு ஏத்துறதுக்குக் கட்டம் கெடையாது.”

அக்கா சிரித்துவிட்டாள். “வரவேற்குறதுக்கு மட்டும் கட்டம் இருந்துச்சாக்கும்?”

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வெயில் ஏறியிருந்தது. “ஒன் எண்ணுல மனு குடு, அக்கா. நான் எழுதித் தாரேன்” என்றேன்.

“குடுக்குறேன்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், வருகிற பஸ்ஸைப் பார்த்தபடியே கேட்டாள்: “முருகேசு, அந்த வீட்டுக்குப் போயிப் பாத்து எழுதுன ஆளு யாருடா?”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே நான் எதை விட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பது அவளுக்குத்தான் தெரியும். சொன்னேன்.

அலங்காநல்லூர் பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. அது போன பிறகுதான் பேசினாள்.

“நம்ம தெருவுக்குக் கரண்ட் வராம இருந்ததுக்கு எவனோ எழுதுன ஒரு வரிதாங் காரணம். அவன் மூஞ்சியப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப வருசமா ஆச. பாத்தா நாலு கேக்கணும்னு வச்சிருந்தேன். இப்படி எங்கூடவே ஒக்காந்து சோறு திம்பான்னு நெனைக்கல.”

“அக்கா...”

“இரு. இவங்க எழுதுனத மாத்தச் சொல்லி நான் மனு குடுக்குறேன். அதுக்கு முன்னாடி நீ அங்க எழுதுனத மாத்து. அத மாத்தாம எங்கிட்ட மனு எழுதித் தாரேன்னு வராத.”

அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நான் ஏறுகிறேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது எப்போதும் மாவும் பொடியும் கட்டித் தருவாள். இந்தத் தடவை தரவில்லை.

7

திரும்பி வந்து பத்து நாள் பேனாவை எடுக்கவில்லை. எழுதினால், ஹாரிஸ் விழுந்தது எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். நோயாளி சொன்னதை வீட்டில் வந்து சொன்ன நர்ஸுக்கு அது குற்றம். அதை வசந்தாவிடம் சொன்னேன்.

“எம்பேரச் சேத்தே எழுதுங்க. அதையும் ஒளிச்சு எழுதுனா அப்புறம் எதுக்கு எழுதுறது?” என்றாள்.

எழுதினேன். முதலில் என்ன எழுதினேன், எதற்காக மாற்றினேன், ஹாரிஸ் எப்படி இறந்தார் எல்லாவற்றையும். விசாரணை நடந்தது. ஃபியோனா என் முன்னால் அழுதாள்; நான் அவளைக் குற்றம் சாட்டவில்லை என்றேன், அதுவும் உண்மைதான். முடிவு இப்படி வந்தது. வசந்தாவுக்கு மருத்துவமனையிலிருந்து எழுத்து மூலம் எச்சரிக்கை. இத்தனை வருஷத்தில் அவள் வாங்கிய முதல் கரும்புள்ளி. அந்தக் கடிதத்தை மடித்துப் பாஸ்போர்ட்டுகளோடு வைத்தாள். என்னை வீடுகளுக்குப் போகும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது முகவரிகளின் அஞ்சல் குறியீட்டைச் சரிபார்க்கிறேன். ஹாரிஸின் பதிவையும் திருத்தினார்கள். ‘இயங்குகிறது’ என்பதை எடுத்துவிட்டு ‘தகவல் இல்லை’ என்று போட்டிருக்கிறார்கள்.

அக்காவுக்குப் போன் செய்தேன். ஊரிலிருந்து வந்த பிறகு முதல் தடவை எடுத்தாள்.

“எழுதிட்டேன்க்கா.”

“மாத்துனாங்களா?”

“தகவல் இல்லைன்னு மாத்தியிருக்காங்க.”

“செத்தவருக்கா?”

“ஆமா.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினாள். “எம்மனுவுக்கும் பதில் வந்துச்சு. ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு. வாரத் திங்கக்கெழம மறுபடி போறேன். நீயும் மறுபடி எழுது” என்றாள். அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

இந்தத் தடவை அலுவலகத்துக்கு எழுதவில்லை. அதற்கும் மேலே, நாடாளுமன்றத்தில் இந்தத் திட்டத்தை விசாரிக்கும் குழுவுக்கு எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை யாழினி விடுமுறைக்கு வந்திருந்தாள். அடுக்களை மேசையில் கடிதத்தை வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் பென்சில். நான் வந்ததைக் கவனித்தும் நிறுத்தவில்லை. கடைசிப் பக்கம் வரை படித்தாள். ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டுவிட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

‘இதனால் திரு. ஹாரிஸ் அவர்களுக்குக் கடுமையான அசௌகரியம் ஏற்பட்டது’ என்ற பொருளில் நான் எழுதியிருந்தேன். உண்மையை எழுத உட்கார்ந்தும் என் கை தன் பழக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்த வாக்கியம் முழுவதையும் அடித்துவிட்டு, அதற்கு மேலே ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தாள்.

அவர் இறந்தார்.